அடித்துப் பார்க்காத மணி
தொழில் செய்யும் இடங்களில் தீ எச்சரிக்கையை ஒழுங்காகச் சோதித்தல்

இடம்பெயர்ந்த எமது குடும்பங்களுட் பல இன்று வயலையும் தோட்டத்தையும் மட்டும் நம்பி வாழ்வதில்லை. சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நெல் குற்றும் ஆலை நடத்துகின்றன. சில இடங்களில் மிளகாய், மல்லி அரைக்கும் மில் உண்டு. மகளிர் சங்கங்கள் தையல் நிலையமும் பனையோலை வேலையும் நடத்துகின்றன. விதை நெல்லும் உரமும் வைக்கும் களஞ்சியம் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. எமது பிள்ளைகள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகின்றனர். இவை யாவும் தொழிலிடங்களே. இவற்றில் ஒன்றில் தீப்பிடித்தால் உள்ளே இருப்போர் அனைவரும் அதை எத்தனை நிமிடத்தில் அறிவர்? இக்கேள்வியே இப்பாடத்தின் பொருளாகும்.

வீடு, வளவு, மாடு கன்று, விதை நெல் எல்லாவற்றையும் ஒரு தடவை விட்டு வந்தவர்களுக்கு, மறுபடியும் முதலில் இருந்து தொடங்குவது என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடன் எடுத்து வாங்கிய தையல் இயந்திரமும், நகையை அடகு வைத்துப் போட்ட மோட்டரும் ஒரு மணித்தியாலத்தில் சாம்பலாகக் கூடும். ஆயினும் இயந்திரத்தைத் திரும்ப வாங்கலாம். உள்ளே அகப்பட்ட உயிரைத் திரும்ப வாங்க முடியாது.

இங்கே நாம் தீயை அணைப்பது பற்றி அதிகம் பேசப் போவதில்லை. தீ என்று அறிவிக்கும் மணியைப் பற்றியே பேசப் போகின்றோம். மணி இருந்தால் மட்டும் போதாது. அதை ஒழுங்காக அடித்துப் பார்த்து, அது வேலை செய்கின்றதென்று அறிந்திருக்க வேண்டும்.

முதற் சில நிமிடங்கள்

தீ தொடங்கும்போது சிறியதாகவே தொடங்குகிறது. ஒரு வாளித் தண்ணீரில் அடங்கக்கூடிய தீ, சில நிமிடங்களின் பின் கிட்ட நெருங்க முடியாத தீயாகி விடுகிறது. கிடுகுக் கூரையும் சாக்கும் துணியும் உள்ள இடத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். 2004ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் பாடசாலைச் சமையற்கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளின் உயிரைக் கொண்டு போனது.

தீயில் அகப்படுவோரிற் பெரும்பாலானோரைக் கொல்வது சுவாலை அன்று, புகையே. புகையிலுள்ள நச்சு வாயு மனிதனை மயங்க வைக்கிறது. நித்திரையில் இருப்பவரைப் புகை மணம் எழுப்பிவிடும் என்று நம்பக் கூடாது. நித்திரையில் மூக்கு வேலை செய்வது குறைவு. காது ஓரளவு விழித்திருக்கும். களஞ்சியத்தில் இரவுக் காவலுக்குப் படுப்பவரை எழுப்பக்கூடியது சத்தமே. ஆகவேதான் மணி தேவைப்படுகிறது.

இரண்டு தொழிற்சாலைகள், இரண்டு பாடங்கள்

முதலாவது தாய்லாந்தில் நடந்தது. பாங்கொக் நகருக்கு அண்மையில் கேடர் என்ற விளையாட்டுப் பொம்மைத் தொழிற்சாலை இருந்தது. அங்கு வேலை செய்தோர் பெரும்பாலும் நாட்டுப்புறக் குடும்பங்களில் இருந்து வந்த இளம் பெண்கள். 1993ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி மாலை 4 மணியளவில், முதலாம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முடிந்த பொம்மைகளை வைத்திருந்த பகுதியில் தீப் பிடித்தது. அந்தக் கட்டடத்தில் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. மேல் தளங்களில் இருந்தோர் கீழே தீ எரிவதை அறியாமல் வேலையில் இருந்தனர். அறிந்தபோது படிகளில் புகை நிறைந்திருந்தது. சில கதவுகள் பூட்டியிருந்தன. பாதுகாப்புப் பூச்சு இல்லாத இரும்புத் தூண்கள் சூட்டில் வளைந்து கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 188 பேர் இறந்தனர். மணி இருந்தும் வேண்டிய வேளையில் அது அடிக்கவில்லை என்பது இங்கு நாம் கற்கும் பாடம்.

இரண்டாவது பங்களாதேஷில் நடந்தது. டாக்கா நகருக்கு அருகே அசுலியாவில் தஸ்ரீன் என்ற ஆடைத் தொழிற்சாலையில் 2012ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி தீப் பிடித்தது. துணியும் நூலும் குவித்திருந்த கீழ்த்தளத்திலேயே அது தொடங்கியது. இங்கே மணி அடித்தது. ஆனால் மணியைக் கேட்டு எழுந்தவர்களை மேற்பார்வையாளர்கள் திரும்ப வேலைக்கு இருக்கச் சொன்னதாக உயிர் தப்பியோர் கூறினர். குறைந்தது 112 பேர் இறந்தனர். மணி நன்றாக வேலை செய்தும், அதைக் கேட்டு வெளியேறும் வழக்கம் அங்கு இருக்கவில்லை என்பது இங்கு நாம் கற்கும் பாடம்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். எச்சரிக்கை என்பது சுவரில் பூட்டிய ஒரு பொருள் அன்று. அதற்கு மூன்று பகுதிகள் உண்டு.

1. சத்தம் எழுப்பும் சாதனம்.
2. அதைக் கேட்டு, அது தீ மணி என்று அறிந்து, உடனே எழும் மனிதர்.
3. அவர்கள் வெளியேறத் திறந்திருக்கும் வழி.

இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டாற் பயனில்லை. ஆதலால் சோதிப்பது என்றால் மூன்றையும் சோதிக்க வேண்டும்.

மணி ஏன் அடிக்காமற் போகிறது?

புதிதாகப் பூட்டிய அன்று நன்றாக அடித்த மணி, இரண்டு வருடத்தின் பின் அடிக்காமல் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு.

பற்றரி பலம் இழந்து விடுகிறது. அல்லது ரோச் லைற்றுக்கோ ரேடியோவுக்கோ ஒருவர் அதைக் கழற்றிக் கொண்டு போகிறார். புகையை உணரும் பெட்டிக்குள் தூசும் உமித்தூளும் படிகின்றன. சிறு பூச்சிகளும் சிலந்தியும் குடியேறுகின்றன. வயரை எலி கடித்து விடுகிறது. கடற்கரைப் பக்கமாயின் உப்புக்காற்றில் வயர் முனைகள் பாசி பிடிக்கின்றன. சுவருக்கு வர்ணம் பூசும்போது பொலித்தீன் பையால் மூடியவர் அதைக் கழற்ற மறந்து விடுகிறார்.

மின்சாரத்தில் மட்டும் வேலை செய்யும் மணி மின்வெட்டு நேரத்தில் ஊமையாகி விடும். 2022ஆம் ஆண்டில் எமது நாட்டில் ஒரு நாளிற் பல மணித்தியாலங்கள் மின்சாரம் இருக்கவில்லை. அந்த நேரத்தில் விளக்கும் மெழுகுதிரியும் ஜெனரேற்றரும் கூடுதலாகப் பாவிக்கப்பட்டன. அதாவது தீ ஆபத்துக் கூடிய நேரத்திலேயே மணி ஓய்ந்து கிடக்கும் நிலை உண்டாயிற்று.

இன்னுமொரு காரணம் மனிதரால் வருவது. சமையற் புகைக்கும் ஆலைத் தூசுக்கும் மணி அடிக்கடி வீணாக அடித்தால், சனம் சலித்துப் போய் அதை நிற்பாட்டி விடுகின்றனர். நிற்பாட்டியதைத் திரும்பப் போட ஒருவரும் நினைப்பதில்லை. இதற்குப் பரிகாரம் மணியை நிற்பாட்டுவது அன்று. அடுப்புக்கும் தூசு பறக்கும் இயந்திரத்துக்கும் அருகே புகையை உணரும் சாதனத்தைப் பூட்டாமல், வெப்பத்தை உணரும் சாதனத்தைப் பூட்டுவதே சரியான முறை.

மேற்சொன்ன குறைகளுட் பல வெளியே நின்று பார்த்தாற் தெரியா. பெட்டி சுவரில் அழகாகத்தான் இருக்கும். அடித்துப் பார்த்தால் மாத்திரமே உண்மை தெரியவரும். மாரி தொடங்க முன் குளத்துத் துருசைத் திறந்து மூடிப் பார்க்கின்றோம். மருந்தடிக்க முன் தெளிகருவியில் தண்ணீர் விட்டு அடித்துப் பார்க்கின்றோம். யுத்த காலத்தில் ஒவ்வொரு மழைக்குப் பின்பும் பதுங்குகுழியில் தண்ணீர் நிற்கிறதா, பாம்பு கிடக்கிறதா என்று பார்த்த அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. ஓடிப்போய் இறங்கும் நேரத்திற் பார்க்க முடியாதென்பது நமக்குத் தெரிந்திருந்தது. தீ மணிக்கும் அதே அறிவுதான் வேண்டும்.

சோதிக்கும் முறை

அ. பலர் வேலை செய்யும் தொழிற்சாலை

இத்தகைய இடங்களில் சுவர்களில் சிவப்பு நிறப் பெட்டிகள் இருக்கும். அதன் கண்ணாடியை அழுத்தினால் கட்டடம் முழுவதும் மணி அடிக்கும். பிரித்தானிய நியமத்தின்படி இதைக் கிழமைக்கு ஒரு முறை, வேலை நேரத்திலேயே, குறித்த நாளில் குறித்த நேரத்தில் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் வெவ்வேறு பெட்டியைச் சோதிக்க வேண்டும். ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பச் சோதித்தால் மற்றவை பழுதாகிக் கிடப்பது தெரியாது. சோதனை மணி ஒரு நிமிடத்துக்கு மேல் அடிக்கத் தேவையில்லை. முடிந்ததும் சாதனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

மணி அடிக்கும்போது ஒருவர் மலசலகூடத்திலும், ஒருவர் களஞ்சியத்தின் கடைசி மூலையிலும், ஒருவர் ஜெனரேற்றர் அறையிலும் நிற்க வேண்டும். அங்கெல்லாம் கேட்டால்தான் மணி அடித்ததாகக் கொள்ளலாம். தொழில் தெரிந்த ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது முழு அமைப்பையும் பரிசோதிக்க வேண்டும். அப்போது பிரதான மின்சாரத்தை நிறுத்தி விட்டு, பற்றரியில் மணி அடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆ. பற்றரியில் வேலை செய்யும் சிறிய எச்சரிக்கைப் பெட்டி

தையல் நிலையம், சிறு கடை, களஞ்சியம் ஆகியவற்றுக்கு இது போதுமானது. கூரைத் தட்டின் நடுப்பகுதியில் பூட்டுதல் நன்று. புகை மேலே எழுவதால் தாழ்ந்த இடத்தில் பூட்டினால் தாமதமாகவே அறியும்.

• மாதத்துக்கு ஒரு முறை அதிலுள்ள பொத்தானைச் சத்தம் வரும்வரை அழுத்திப் பிடிக்கவும். கை எட்டாவிட்டால் தும்புத்தடியின் முனையைப் பாவிக்கலாம்.
• நெருப்பு மூட்டிப் புகை காட்டிச் சோதிக்க வேண்டாம். சோதனையே விபத்தாகி விடும்.
• மென்மையான தூரிகையால் தூசைத் தட்டி விடவும். தண்ணீர் படக் கூடாது.
• இடையிடையே கீச்சென்று சிறு சத்தம் எழுந்தால் பற்றரி முடிகிறதென்பது பொருள். அன்றே மாற்றவும். மாற்றக்கூடிய பற்றரியாயின், சத்தம் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றவும்.
• பெட்டியின் பின்புறத்தில் செய்த திகதி இருக்கும். அதிலிருந்து 10 வருடம் சென்றால், பொத்தானை அழுத்தச் சத்தம் வந்தாலும் பெட்டியை மாற்ற வேண்டும். புகையை உணரும் பகுதி அதற்குள் பலம் குன்றி விடும்.

இ. கையால் அடிக்கும் மணி

பெட்டி வாங்க வசதியில்லாத இடத்தில் ஒரு தண்டவாளத் துண்டு, பழைய சில்லு வளையம் அல்லது கைமணி போதும். ஆனால் இதற்கும் சோதனை உண்டு.

• அடிக்கும் இரும்புத் துண்டு சங்கிலியால் அதனருகிலேயே கட்டியிருக்க வேண்டும். தேடி எடுக்கும் நிலை கூடாது.
• குள்ளமான ஒருவருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்திற் தொங்க வேண்டும்.
• கோயில் மணி, தேவாலய மணி, பாடசாலை மணி ஆகியவற்றோடு மாறுபட்ட ஓசை வேண்டும். உதாரணமாக, நிறுத்தாமல் விரைவாக அடிப்பது தீக்கு மட்டும் என்று முடிவு செய்யலாம்.
• ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடித்துப் பார்க்க வேண்டும். மோட்டர் நின்றிருக்கும் வேளையிற் கேட்கும் மணி, மோட்டர் ஓடும் வேளையிற் கேட்காமற் போகலாம்.
• கிழமைக்கு ஒரு முறை வெவ்வேறு ஆள் அடிக்க வேண்டும். முகாமையாளர் மட்டும் அடிக்கத் தெரிந்த மணி, அவர் இல்லாத அன்று பயன்படாது.

காது கேளாதவர் எவரேனும் வேலை செய்தால், அவரைத் தோளில் தொட்டு அழைத்துச் செல்ல ஒருவரை முன்கூட்டியே நியமித்து வைக்க வேண்டும்.

அறிவித்துச் சோதித்தல்

எமது மக்களிடையே சத்தம் என்பது சாதாரண விடயம் அன்று. திடீரென எழும் பெருஞ்சத்தம் பழைய நாட்களை நினைவூட்டும். நெஞ்சு படபடத்து, செய்வதறியாது நிற்போரும், மேசையின் கீழ் படுத்து விடுவோரும் உண்டு. இதைப் பகிடியாக எடுக்கக் கூடாது. எனவே சோதனை நாளையும் நேரத்தையும் முன்னரே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மணி அடிக்கும் என்று கதவிலும் எழுதி வைக்கலாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சோதனை நேரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், வேறு எந்த நேரத்தில் மணி அடித்தாலும் அது உண்மையான மணியே. அப்போது எவரும் இது வெறும் சோதனை என்று சொல்லி ஒருவரை இருத்தி வைக்க இடமில்லை. ஒழுங்கான சோதனை மணியைப் பரீட்சிப்பதோடு, மணிக்கு ஒரு மதிப்பையும் உண்டாக்குகிறது. இலேசாகக் கேட்டுப் பழகிய காதுக்கு, பதற்றமின்றி எழுந்து நடக்கவும் முடிகிறது.

வருடத்துக்கு இரண்டு தடவையாவது மணி அடித்ததும் எல்லோரும் வெளியே வந்து, குறித்த மரத்தடியிற் கூடிப் பார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஆட்களை எண்ண வேண்டும். எத்தனை நிமிடம் சென்றதென்று குறிக்க வேண்டும். எந்தக் கதவில் ஆமைப்பூட்டுத் தொங்குகிறது, எந்த வழியில் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன என்பது அன்று தெரிய வரும். திருடருக்குப் பயந்து பூட்டுவது எமக்குப் பழக்கமே. ஆயினும் உள்ளே ஆள் இருக்கும்வரை வெளியேறும் கதவைத் திறப்பின்றி உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறப்பது இன்னும் நல்லது.

பதிவுக் கொப்பி

ஒரு கொப்பியில் திகதி, சோதித்தவர் பெயர், எந்த மணி, எங்கெங்கு கேட்டது, கண்ட குறை, குறை திருத்திய திகதி ஆகிய ஆறு விடயங்களையும் எழுதுக. குறை எழுதிய இடத்தில், திருத்திய திகதி வெறுமையாக இருக்கும்வரை அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும்.

கொப்பி உண்மையாக இருக்க வேண்டும். பாகிஸ்தானின் கராச்சி நகரில் 2012ஆம் ஆண்டு செப்தெம்பர் 11ஆம் திகதி எரிந்த ஆடைத் தொழிற்சாலையில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குச் சில கிழமைகள் முன்னர்தான் அத்தொழிற்சாலைக்குச் சர்வதேசத் தராதரச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. அத்தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டதென்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயை யார் வைத்தாலும், யன்னல்களில் இரும்புக் கம்பியும் வழிகளில் பூட்டும் இருந்ததாலேயே அத்தனை பேர் வெளியேற முடியாமற் போயினர். சுவரில் தொங்கும் சான்றிதழ் ஒரு கதவையும் திறக்கவில்லை.

வேலைக்குப் போகும் எமது பிள்ளைகள்

மகளோ மகனோ ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தால், சம்பளத்தையும் பஸ்ஸையும் விசாரிப்பதோடு இவற்றையும் விசாரியுங்கள்: தீ மணியைக் கடைசியாக எப்போது கேட்டாய்? நீ இருக்கும் இடத்தில் இருந்து வெளியேற இரண்டாவது வழி எது? அக்கதவு திறந்து இருந்ததைக் கண்டாயா? வெளியே வந்தால் எங்கே கூடுவீர்கள்?

பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால் அது பிள்ளையின் குற்றம் அன்று. அங்கே பயிற்சி நடக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். இதைக் கேட்பது வேலை தந்தவருக்கு எதிரான செயலும் அன்று. தொழிலாளர் உயிர் தப்புவதோடு தொழிற்சாலையும் தப்புகிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தீயில் இருந்து தப்புவதற்கான வழிகளைப் பற்றியும் பேசுகிறது. ஒருவர் தனியே கேட்கத் தயங்கினால், பலர் சேர்ந்து கேட்கலாம்.

சேர்ந்து கேட்டால் மாற்றம் வரும் என்பதற்குப் பங்களாதேஷே சான்று. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்கீழ் 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் பார்வையிடப்பட்டன. வெளியேறும் வழிகளிற் பூட்டுகள் அகற்றப்பட்டன. எச்சரிக்கை அமைப்புகள் பொருத்தப்பட்டன. அத்தனை உயிர்கள் போன பின்பு வந்த மாற்றம் அது. நாம் உயிர் போக முன்பே செய்யலாம்.

மணி அடித்தால்

வேலையை அப்படியே விடுக. பையையும் செருப்பையும் தேட வேண்டாம். புகை இருந்தால் குனிந்து, நிலத்தோடு ஒட்டிச் செல்க. கீழேயே சுவாசிக்கத்தக்க காற்று இருக்கும். கடைசியாக வருபவர் கதவைச் சாத்தி விட்டு வந்தால் தீ பரவுவது தாமதமாகும். வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகக் கூடாது. தீயணைப்புப் பிரிவை 110 என்ற இலக்கத்திலும், காயமடைந்தோருக்கு அம்புலன்சை 1990 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். தீயணைப்பு வாகனம் தூர இடத்தில் இருந்து வரவேண்டிய கிராமங்களில், முதற் பத்து நிமிடமும் எமது கையிலேயே உள்ளது என்பதை நினைவிற் கொள்வோம்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது ஆலையில், களஞ்சியத்தில், தையல் நிலையத்தில் தீயை அறிவிக்க இப்போது என்ன இருக்கிறது? அதைக் கடைசியாக அடித்துப் பார்த்தது எப்போது?
2. மோட்டர் ஓடும்போது அடித்தால் எந்த இடத்தில் கேட்காது?
3. வேலை நேரத்தில் பூட்டப்படும் கதவு எது? ஏன் பூட்டப்படுகிறது? திருட்டைத் தடுக்க வேறு வழி என்ன?
4. இரவில் உள்ளே படுப்பவர் யார்? அவரை யார் எழுப்புவது?
5. சத்தத்துக்கு அஞ்சுவோர், முதியோர், காது கேளாதோர் ஆகியோருக்கு எமது ஏற்பாடு என்ன?

செய்வதற்கு

இப்பாடத்தை வாசித்து முடித்த கிழமையிலேயே இருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். ஒருவர் பெண்ணாக இருத்தல் நன்று. தையல் நிலையத்திலும் பொதி செய்யும் இடத்திலும் பெரும்பாலும் இருப்போர் அவர்களே. ஒரு கொப்பியை எடுத்து முதற் பக்கத்தில் திகதி இடுங்கள். நாளையும் நேரத்தையும் எல்லோருக்கும் அறிவியுங்கள். பின்பு மணியை அடித்துப் பாருங்கள். அடிக்கவில்லை என்றால் வருந்த வேண்டாம். தீ இல்லாத நாளில் அதை அறிந்துகொண்டதே அன்றைய சோதனையின் பயன்.